உருபு தேடும் ஆய்வும் உறவு தேடும் இலக்கணமும்: ஆங்கில முன்னிடைச்சொல்லின் இடமாற்றமும் தமிழ்ப் பெயரெச்சமும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் ஒரு பெயரை விளக்கவரும் கிளைத்தொடரில் முன்னிடைச்சொல் தொடரின் தொடக்கத்திலும் வரும், இறுதியிலும் வரும். இவ்விரு இடங்களுக்கும் நீண்ட வரலாறு உண்டு. தமிழில் அதே பொருளைத் தரும் பெயரெச்சத் தொடரில் வேற்றுமை உருபு தோன்றுவதே இல்லை. இதனைத் தமிழின் குறையாகக் காணும் நோக்கு மொழிபெயர்ப்பிலும் ஆங்கிலக் கற்பித்தலிலும் நிலவுகிறது. பெயரெச்சத்திற்கும் அது தழுவும் பெயருக்கும் உள்ள தொடர்பைத் தொல்காப்பியம் உருபால் விளக்காமல் தொழிலின் உறுப்புகளால் விளக்குகிறது. ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல் செய்யும் பணியைத் தமிழில் பெரும்பாலும் வினையே செய்கிறது. சேலம், நாமக்கல் சமவெளியின் தொழில்சார் வழக்குகளைச் சான்றாகக் கொண்டு இக்கருத்து இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: பெயரெச்சம், வேற்றுமை, தொழில் முதனிலை, முன்னிடைச்சொல், ஒப்பிலக்கணம், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

சேலம் நகரில் 1916ஆம் ஆண்டு இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழில் அறிவியல் சொற்களை உருவாக்குவதற்கென ஒரு சங்கம் அமைத்தனர். அச்சங்கம் கலைச்சொற்களைத் தொகுத்து இதழும் வெளியிட்டது. ஆங்கிலத்தில் உள்ள அறிவைத் தமிழில் கொணர வேண்டுமாயின் முதலில் சொல் வேண்டும் என்னும் எண்ணமே அம்முயற்சிக்கு அடிப்படை. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாகக் கலைச்சொல்லாக்கம் தொடர்ந்து வளர்ந்துள்ளது. எனினும், சொல் கிடைத்த பின்னரும் மொழிபெயர்ப்பு இடறும் இடங்கள் உள்ளன. ஒவ்வொரு சொல்லுக்கும் தக்க தமிழ்ச்சொல் இருந்தும் தொடர் தமிழாக அமையாமல் போகும் இடங்கள் அவை. ஆங்கிலத்தின் 'இன் விச்', 'வித் ஹூம்', 'ஃப்ரம் விச்' போன்ற தொடர்கள் அத்தகையவற்றுள் முதன்மையானவை.

இதன் மறுபக்கம் ஆங்கில வகுப்பில் காணப்படுகிறது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவர் 'த ஹவுஸ் விச் ஐ லிவ்ட்' என எழுதுகிறார், 'இன்' விடுபடுகிறது. ஆசிரியர் அதனைக் கவனக்குறைவு எனக் குறித்து மதிப்பெண்ணைக் குறைக்கிறார். மொழிபெயர்ப்பாளரின் இடறலுக்கும் மாணவரின் பிழைக்கும் மூலம் ஒன்றே. இரு மொழிகளும் ஒரே உறவை வெவ்வேறு உறுப்புகளில் ஏற்றிச் சொல்கின்றன. எந்த உறுப்பில் ஏற்றிச் சொல்கின்றன என்பதைத் தெளிவாக்கினால் இரு சிக்கல்களுக்கும் வழி பிறக்கும்.

ஆங்கிலத்தில் முன்னிடைச்சொல்லின் இடம்

நெசவாளர் ஒருவர் நெய்த தறியை ஆங்கிலத்தில் இருவகையாகக் குறிக்கலாம். 'த லூம் ஆன் விச் ஹி வோவ்' என்பது ஒன்று. 'த லூம் ஹி வோவ் ஆன்' என்பது மற்றொன்று. முதலாவதில் முன்னிடைச்சொல் தொடர்புப் பெயரோடு சேர்ந்து தொடரின் முன்னே செல்கிறது. இரண்டாவதில் வினையை அடுத்துத் தனித்து நிற்கிறது. முன்னதை 'உடன்பெயர்வு' என்றும் பின்னதைப் 'பின்தங்கல்' என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இவ்விரண்டும் பேசுவோரின் விருப்பத்தைப் பொறுத்தவையாக இல்லை. தொடரை இணைக்கும் சொல்லே இடத்தை முடிவுசெய்தது. வேற்றுமை ஏற்காத 'தெ' என்னும் இடைச்சொல் வந்தால் முன்னிடைச்சொல் பின்தங்கியே ஆக வேண்டும். வேற்றுமை ஏற்கும் 'செ' என்னும் சுட்டுப்பெயர் வந்தால் அதனோடு சேர்ந்து முன்செல்லும். இடைக்கால ஆங்கிலத்தில் வேற்றுமை விகுதிகள் தேய்ந்தன. வினாச்சொற்களான 'விச்', 'ஹூம்' ஆகியன தொடர்புப் பெயர்களாகப் பரவின. அவற்றோடு முதலில் உடன்பெயர்வே மிகுதியாக வழங்கியது. நாளடைவில் பின்தங்கலும் அவற்றுக்குப் பரவியது. இவ்வாறு ஒரு காலத்தில் இலக்கணக் கட்டாயமாக இருந்தது பிற்காலத்தில் தெரிவாக மாறியது. தெரிவு இருக்குமிடத்தில் மதிப்பீடும் வந்து சேர்கிறது.

அம்மதிப்பீட்டுக்குக் குரல் கொடுத்தவர் ஜான் டிரைடன். 1672இல் வெளியான கட்டுரை ஒன்றில் பென் ஜான்சனின் தொடர்கள் முன்னிடைச்சொல்லில் முடிவதைக் குறையாகச் சுட்டினார். தம்முடைய நாடகக் கலைக் கட்டுரையை 1684இல் மீண்டும் பதிப்பித்தபோது தம் தொடர்களிலேயே அவ்வாறு நின்ற முன்னிடைச்சொற்களை இடம் மாற்றினார். 1762இல் இலக்கண நூல் எழுதிய ராபர்ட் லோத் இவ்வழக்கு ஆங்கிலத்தின் இயல்பான போக்கு எனவும் உரையாடலுக்குப் பொருந்தும் எனவும் ஏற்றுக்கொண்டார். உயர்நடைக்கு முன்னிடைச்சொல் முன்னே வருவதே ஏற்றது என்றார். பிற்காலப் பள்ளி இலக்கணங்கள் லோத்தின் நடைவேறுபாட்டை விட்டுவிட்டுத் தடையை மட்டும் எடுத்துக்கொண்டன. 1926இல் ஃபவுலர் தம் வழக்கு அகராதியில் இத்தடையை மூடநம்பிக்கை என ஒதுக்கினார்.

இவ்வரலாற்றில் தமிழாய்வுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் நடந்த வழக்கு முழுவதும் முன்னிடைச்சொல்லின் இடம் பற்றியது. முன்னிடைச்சொல் தொடரில் இருக்க வேண்டும் என்பதில் எத்தரப்புக்கும் ஐயமில்லை. 'த டே ஹி கேம்' என்பதுபோலச் சில பெயர்களோடு மட்டுமே அது இயல்பாக விடுபடுகிறது. தமிழிலோ விடுபடுதலே பொது விதி. ஆகவே ஆங்கில இலக்கணம் எழுப்பும் 'எங்கே' என்னும் வினாவைத் தமிழிடம் அப்படியே கேட்கும் ஆய்வு தொடக்கத்திலேயே திசை தவறுகிறது.

தொல்காப்பியத்தின் ஆறும் எட்டும்

சேலம், நாமக்கல் வட்டாரத்தின் தொழிலாகிய நெசவிலிருந்து ஒரு வினையை எடுத்துக்கொள்ளலாம். 'நெய்த' என்னும் ஒரே பெயரெச்சம் பின்வரும் பெயர்களை எவ்வித மாற்றமும் இன்றித் தழுவும்: நெய்த தொழிலாளி, நெய்த சேலை, நெய்த தறி, நெய்த கூடம், நெய்த நாள், நெய்த நெசவு. முதலாவது வினைமுதல், இரண்டாவது செயப்படுபொருள், மூன்றாவது கருவி, நான்காவது இடம், ஐந்தாவது காலம், ஆறாவது அத்தொழிலே. எச்சத்தின் வடிவம் ஒன்றே. உறவுகள் ஆறு.

தொல்காப்பியம் வினையியலில் பெயரெச்சத்துக்கு வகுக்கும் இலக்கணம் இதுவே. நிலம், பொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறு பொருள்களுக்கும் 'செய்யும்', 'செய்த' என்னும் வாய்பாடுகள் ஒப்ப உரியன என்கிறது அந்நூல். ஆறும் ஒத்த உரிமை உடையன என்பது இங்கு நோக்கத்தக்கது. எழுவாய்க்கு ஒரு வடிவம், இடத்துக்கு வேறொரு வடிவம் என்னும் பாகுபாடு அதில் இல்லை. நன்னூலும் 'செய்கின்ற' என்பதைச் சேர்த்து வாய்பாடுகளை மூன்றாக்கியதே அன்றி, அறுபொருள் என்னும் வரையறையை அப்படியே ஏற்றது.

தொல்காப்பியர் இவ்வாறில் எதனையும் வேற்றுமையின் பெயரால் சுட்டவில்லை. ஐ, ஒடு, கு, இன், அது, கண் என உருபுகளால் வேற்றுமைகளுக்குப் பெயரிட்டவர் அவரே. பெயரெச்சத்தை விளக்கும்போது அப்பெயர்களை விடுத்துத் தொழிலில் பங்கு கொள்ளும் உறுப்புகளைச் சுட்டும் பெயர்களைக் கையாள்கிறார். இப்பட்டியல் வேறோர் இடத்திலும் வருகிறது. வேற்றுமை மயங்கியலில் 'தொழில் முதனிலை' எட்டு என வகுக்கப்படுகின்றன. வினை, செய்வது, செயப்படுபொருள், நிலம், காலம், கருவி ஆகிய ஆறுடன் 'இன்னதற்கு', 'இது பயன்' என்னும் இரண்டும் சேர்ந்து எட்டாகின்றன. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய உறுப்புகளின் பட்டியல் அது. பெயரெச்சத்துக்கு உரியவை அவ்வெட்டில் முதல் ஆறு.

விடுபட்ட இரண்டும், அதாவது கொள்வோனும் பயனும், நான்காம் வேற்றுமையின் களத்தைச் சார்ந்தவை. இன்றைய வழக்கில் இவையும் பெயரெச்சத்தில் இயல்பாக வருகின்றன. 'பாவு கொடுத்த நெசவாளர்' என்பது பாவைத் தந்தவரையும் குறிக்கலாம். முதலாளி பாவு கொடுத்த நெசவாளர் என விரிந்தால் பெற்றுக்கொண்டவரையும் குறிக்கலாம். 'நெய்த கூலி' என்பதில் கூலி நெசவின் பயன். 'நெய்த களைப்பு' என்பதில் களைப்பு நெசவின் விளைவு. காரண காரிய உறவில் வரும் இத்தகைய பெயரெச்சங்களை உரையாசிரியர்களும் கண்டு விளக்க முயன்றுள்ளனர். பட்டியலின் எல்லை காலந்தோறும் நெகிழ்ந்திருக்கலாம். பட்டியல் எதனால் ஆனது என்பது மாறவில்லை. அது தொழிலின் உறுப்புகளால் ஆனது.

உருபா, உறவா

பெயரெச்சத்தை ஐரோப்பிய மொழிகளோடு ஒப்பிட்டு விளக்கியவர்களுள் முதன்மையானவர் ராபர்ட் கால்டுவெல். 1856இல் வெளிவந்த ஒப்பிலக்கணத்தில், தொடர்புப் பெயருக்கு மாற்றாகப் பெயரெச்சம் வழங்குவதைத் திராவிட மொழிகளைச் சமற்கிருதத்திலிருந்து பிரித்துக்காட்டும் இயல்புகளுள் ஒன்றாக அவர் எடுத்துக்காட்டினார். திராவிட மொழிகளின் தனித்தன்மையை நிறுவிய வலுவான சான்று அது. எனினும் 'மாற்றாக' என்னும் பார்வையில் ஒரு சாய்வு உள்ளது. தொடர்புப் பெயர் இயல்பானது. அது இல்லாத மொழி வேறொன்றைக் கொண்டு ஈடுசெய்கிறது என்னும் எண்ணத்துக்கு அது இடந்தருகிறது.

இருபதாம் நூற்றாண்டின் மொழியியலும் வேறு சொற்களில் இதே வினாவைத் தொடர்ந்தது. பெயரெச்சத் தொடருக்குள் ஒரு பெயர் இருந்து நீங்கியது, அதனோடு உருபும் நீங்கியது, அவ்விடம் வெற்றிடமாக உள்ளது என்னும் விளக்கம் பரவலானது. 1977இல் கீனனும் காம்ரியும் முன்வைத்த அணுகல் வரிசை புகழ்பெற்றது. எழுவாய், நேர்ச்செயப்படுபொருள், மறைமுகச் செயப்படுபொருள், பிற வேற்றுமைப் பெயர்கள், உடைமைப் பெயர், ஒப்புமைப் பெயர் என்னும் வரிசையில் கீழே செல்லச் செல்ல அப்பெயரைத் தலைமையாக்கித் தொடர் அமைப்பது கடினமாகும் என்பது அவர்தம் கருத்து.

தமிழ்ச் சான்றுகளை இவ்வரிசையில் வைத்துப் பார்க்கும்போது ஒரு நெருடல் தோன்றுகிறது. 'கூரை சரிந்த வீடு', 'அச்சு முறிந்த வண்டி' ஆகியன முற்றிலும் இயல்பானவை. இவற்றில் வீடும் வண்டியும் உடைமைப் பெயர்கள். வரிசையின் கீழ்ப்பகுதியைச் சேர்ந்தவை. அதற்கு மேல்நிலையில் உள்ள உடனிகழ்ச்சிப் பெயரோ இடர்ப்படுகிறது. 'நான் சந்தைக்கு வந்த நண்பர்' என்னும் தொடர், 'யாரோடு வந்தேனோ அந்த நண்பர்' என்னும் பொருளைத் தராது. அதே உடனிகழ்ச்சி உறவு 'நான் சண்டையிட்ட அண்டைவீட்டார்' என்பதில் தடையின்றிப் பொருள் தருகிறது. மறைந்த உருபு இரண்டிலும் ஒன்றே. ஒன்று விளங்குகிறது, மற்றொன்று விளங்கவில்லை. உருபை மட்டும் கொண்டு இவ்வேறுபாட்டை விளக்க இயலாது.

தொழிலின் உறுப்பைக் கொண்டு நோக்கினால் விடை எளிது. சண்டை என்னும் தொழிலுக்கு எதிர்த்தரப்பு இன்றியமையாதது. எச்சத்தைக் கேட்டவுடன் அவ்விடம் கேட்போர் மனத்தில் திறந்துவிடுகிறது. பின்வரும் பெயர் அங்கே அமர்கிறது. வருதல் என்னும் தொழிலுக்குத் துணை வருவோர் இன்றியமையாதவர் அல்லர். ஆதலால் 'நண்பர்' என்னும் பெயருக்கு அமர இடமில்லை. கூரை என்பது வீட்டின் உறுப்பு; கூரைக்கு நேர்ந்தது வீட்டுக்கு நேர்ந்ததே. ஆகவே 'சரிந்த' என்பது வீட்டை எளிதில் தழுவுகிறது.

இத்தகைய விளக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஜப்பானிய மொழியிலும் பெயரை விளக்கும் தொடர் பெயருக்கு முன்னே வரும்; தொடர்புப் பெயர் இல்லை. யோஷிகோ மட்சுமோட்டோ 1997இல் வெளியிட்ட நூலில், அத்தொடர்களை நீங்கிய பெயரின் வெற்றிடத்தால் விளக்க இயலாது எனவும், வினை எழுப்பும் பொருட்சட்டகமும் பெயர் எழுப்பும் பொருட்சட்டகமும் இணைவதாலேயே உறவு விளங்குகிறது எனவும் நிறுவினார். தொல்காப்பியத்தின் தொழில் முதனிலைக் கொள்கையை அப்பார்வைக்கு அருகில் வைத்து எண்ணலாம். பெயரெச்சத்தை ஒப்பிடத் தக்க மொழி ஆங்கிலத்தைவிட ஜப்பானியமே என்பதும் இதனால் புலப்படும்.

வினை நீளும் இடம்

உறவு தெளிவாக இல்லாதபோது தமிழ் என்ன செய்கிறது என்பதே அடுத்த வினா. லாரித் தொழிலுக்குப் பெயர்பெற்ற நாமக்கல்லின் வழக்கு இதற்கு விடை தருகிறது. 'லாரி வந்த ஊர்' என்னும் தொடர் ஐயத்துக்கு இடமானது. லாரி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் குறிக்கலாம். எந்த ஊருக்கு வந்தது என்பதையும் குறிக்கலாம். எந்த ஊர் வழியாக வந்தது என்பதையும் குறிக்கலாம். ஆங்கிலம் இங்கே 'ஃப்ரம்', 'டு', 'த்ரூ' என முன்னிடைச்சொல்லை மாற்றும். தமிழ் வினையை நீட்டுகிறது: லாரி புறப்பட்டு வந்த ஊர், லாரி வந்து சேர்ந்த ஊர், லாரி கடந்து வந்த ஊர். சில இடங்களில் வினையே மாறுகிறது. சரக்கு ஏற்றிய ஊர், சரக்கு இறக்கிய ஊர் என்னும்போது திசை பற்றிய ஐயம் எழுவதே இல்லை.

முன்னர்ப் பொருள் தராத உடனிகழ்ச்சித் தொடரும் இவ்வழியில் சீராகிறது. 'நான் வந்த நண்பர்' என்பது பொருந்தாது; 'நான் கூட்டிக்கொண்டு வந்த நண்பர்' என்பது பொருந்தும். 'கூட்டிக்கொண்டு' என்னும் வினையெச்சம் தொழிலுக்குள் துணைவருக்கு ஓர் இடத்தை உண்டாக்குகிறது. பெயர் அவ்விடத்தில் அமர்கிறது. பார்வையை மாற்றி 'என்னோடு வந்த நண்பர்' எனவும் கூறலாம். அப்போது நண்பர் வினைமுதலாகி விடுகிறார். இரண்டிலும் நண்பர் என்னும் பெயர் தன் உருபை மீளப் பெறவில்லை. தொழிலின் அமைப்பு மாறியிருக்கிறது.

இம்முறை தமிழ்த் தொடரியலின் பொதுப்போக்கோடு இயைந்தது. உருபுகளின் பணியைச் செய்யும் சொல்லுருபுகளில் பல வினையெச்ச வடிவின. கொண்டு, இருந்து, விட்டு, பற்றி, குறித்து, நோக்கி ஆகியன அத்தகையவை. 'கத்தியால் வெட்டினான்' என்பதைக் 'கத்தி கொண்டு வெட்டினான்' என விரிப்பது ஒரு சிறுவினையைத் தொடருக்குள் சேர்ப்பதே ஆகும். வேற்றுமை உறவைத் துல்லியமாக்க வினையை நாடும் மொழி, பெயரெச்சத் தொடரிலும் அதையே நாடுவதில் வியப்பில்லை.

பெயரோடு ஒட்டிய விகுதியாதலின் தமிழ் உருபு தனித்துப் பின்தங்க இயலாது. 'தறி' நீங்கினால் '-இல்' நிற்பதற்கு இடமில்லை. 'நெய்த தறியை விற்றார்' என்பதில் காணும் 'ஐ' விற்றலோடு தொடர்புடையது. நெய்தலோடு அதற்குத் தொடர்பில்லை. எனினும் தனிச்சொல்லாக நிற்கவல்ல இடப்பொருட் சொற்கள் பின்தங்கலை ஒத்த ஓர் அமைப்பைத் தருகின்றன. 'பாம்பு உள்ளே புகுந்த வைக்கோற்போர்', 'பூனை பின்னால் ஒளிந்திருந்த கதவு' என்னும் தொடர்களில் உள்ளே, பின்னால் ஆகியன தாம் சார்ந்த பெயரை இழந்தும் தொடருக்குள் நிற்கின்றன. வினையடையாகவும் வரவல்லவை ஆதலின் அவற்றுக்கு இது இயல்கிறது. வினைக்கு அணித்தாக நின்று அதன் பொருளை விரிப்பதே இவற்றின் பணி என்பதால், இவ்வமைப்பும் வினை நீளும் போக்கின் ஒரு கூறே. இவ்வகைத் தொடர்கள் வட்டார வழக்குகளில் எவ்வளவு பயில்கின்றன என்பது களஆய்வுக்கு உரிய பொருள். பெருமாள்முருகனின் கொங்கு வட்டாரச் சொல்லகராதி (2000) போன்ற தொகுப்புகளால் இவ்வட்டாரத்தின் சொல்வளம் பதிவாகியுள்ளது. தொடர்வளத்துக்கும் அத்தகைய பதிவு தேவை.

எந்த–அந்த இணைப்பும் அதன் அளவும்

உருபை வெளிப்படையாகக் காட்டும் தொடரமைப்பு தமிழில் இல்லாமல் இல்லை. 'எந்தத் தறியில் நெய்தாரோ அந்தத் தறி' எனக் கூறலாம். உருபு ஏற்ற வினாப்பெயர் தொடரின் முன்னே வருவதால் ஆங்கிலத்தின் உடன்பெயர்வுக்கு இதனை இணையாகக் கருதலாம். இது ஆங்கிலத் தாக்கத்தால் வந்தது எனக் கூறுவோர் உளர். எகரச் சொல்லும் அகரச் சுட்டும் இணைந்து வரும் தொடர் புறநானூற்றிலேயே (187) நிலத்தைப் பாடும் ஔவையாரின் பாடலில் இடம்பெறுகிறது. ஆகவே அமைப்பு தமிழுக்கு அயலானதன்று. அயலாக ஒலிப்பது அதன் அளவு கடந்த ஆட்சியே.

இயல்பான வழக்கில் இவ்விணைப்பு இன்னதென்று சுட்டப்படாத பொருளுக்கும் பொதுமைக்கும் வருவது. 'எந்தக் கிணற்றில் நீர் இருக்கிறதோ அந்தக் கிணற்றில் இறை' என்பதில் கிணறு இன்னதென முடிவாகவில்லை. முடிவான ஒரு கிணற்றைச் சுட்ட 'நீர் இருக்கும் கிணறு' என்னும் பெயரெச்சமே போதும். மறைநூல் மொழிபெயர்ப்பிலும் சட்ட மொழிபெயர்ப்பிலும் இவ்விணைப்பு மிகுதியாகப் பயின்றது. பொதுவிதி கூறும் அந்நூல்களுக்கு அது பொருந்தியது. பாடநூல் உரைநடை ஒரு குறித்த கருவியையோ குறித்த இடத்தையோ விளக்கும்போதும் இதையே கையாண்டால் தொடர் பளுவாகிறது. 'எந்தக் கலத்தில் நீர் கொதிக்க வைக்கப்படுகிறதோ அந்தக் கலம்' என எழுதுபவர் 'இன் விச்' என்பதன் 'இன்'னுக்கு உருபு தேடுகிறார். 'நீர் கொதிக்கும் கலம்' என்பதில் அவ்வுறவு முழுமையாக உள்ளது.

மொழிபெயர்ப்பாளருக்கு மூன்றாவது வழியும் உண்டு. கிரயப் பத்திரங்களின் நடை அதனை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறது. சொத்து ஒருமுறை தபசிலில் விவரிக்கப்படுகிறது. பின்னர் 'மேற்படி சொத்தில்', 'மேற்படி சொத்துக்கு', 'மேற்படி சொத்தைப் பொறுத்து' எனப் பெயர் மீளமீள உருபேற்று வருகிறது. ஆங்கிலச் சட்டமொழி ஒரே தொடரில் பின்னிச் சொல்வதைப் பத்திரநடை தனித்தொடர்களாகப் பிரித்துச் சொல்கிறது. பத்திரநடை எளிமைக்குப் பெயர்பெற்றதன்று. உறவு பிறழ்ந்தால் வழக்கு நேரும் துறையில், உருபு தெளிவாக வேண்டுமிடத்தில் பெயரை மீண்டும் கூறும் அதன் முறை மட்டும் பின்பற்றத்தக்கது.

வகுப்பறையில் இதன் பயன்

1997இல் சேலத்தில் நிறுவப்பட்ட பெரியார் பல்கலைக்கழகமும் அதனைச் சார்ந்த கல்லூரிகளும் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் உயர்கல்விக்கு முதன்மையான களம். ஆங்கிலத்தைக் கல்லூரியில்தான் விரிவாக எழுதத் தொடங்கும் தமிழ்வழி மாணவர்களுக்கு 'த ஹவுஸ் விச் ஐ லிவ்ட்' என்னும் பிழை இயல்பாக நேர்வது. முன்னிடைச்சொல் விடுபடும் இத்தகைய தொடர்களை எலைன் கிளைன் 1993இல் வெளியிட்ட நூலில் தனித்து ஆராய்ந்தார். வெவ்வேறு தாய்மொழியினர் ஆங்கிலம் கற்கும்போது இது நேர்வதையும், வினைக்கு உரிய முன்னிடைச்சொல்லைத் தனித்தொடரில் சரியாக எழுதுவோரே தொடர்புத் தொடரில் அதனை விடுவதையும் அவர் காட்டினார். ஆகவே இப்பிழை அறியாமையால் மட்டும் நேர்வதன்று. தமிழ் மாணவரைப் பொறுத்தவரை, 'நான் குடியிருந்த வீடு' என்பதில் எவ்வுருபும் இல்லை என்னும் தாய்மொழி அறிவும் அதனை வலுப்படுத்தும்.

பிழையைத் திருத்தும் வழக்கமான முறை 'இன் விச்' என்பதை மனப்பாடம் செய்விப்பது. இதன் விளைவாக மாணவர் தேவையற்ற இடங்களிலும் 'இன் விச்' சேர்க்கும் நிலை உருவாகலாம். கேத்லீன் பார்டோவி-ஹார்லிக் 1987இல் வெளியிட்ட ஆய்வு, ஆங்கிலம் கற்போர் உடன்பெயர்வுக்கு முன்னரே பின்தங்கலைக் கைக்கொள்வதைக் காட்டியது. அதன்படி 'த ஹவுஸ் ஐ லிவ்ட் இன்' என்னும் வடிவிலிருந்து தொடங்குவதே கற்றலின் போக்குக்கு இயைந்தது. டிரைடன் காலத்துத் தடையைப் பள்ளி இலக்கணம் இன்றும் சுமந்திருப்பதால் எளிய படி ஒதுக்கப்பட்டுக் கடினமான படி முதலில் வைக்கப்படுகிறது.

தமிழ் இலக்கணம் அறிந்த மாணவரிடம் இதற்கு ஒரு கருவி உள்ளது. 'குடியிருந்த வீடு' என்பதில் வீடு தொழிலின் எவ்வுறுப்பு என்று கேட்டால் 'நிலம்' என அவர் விடை கூறுவார். 'வெட்டிய அரிவாள்' என்பதில் அரிவாள் 'கருவி' என்பார். நிலத்துக்கு ஆங்கிலம் எச்சொல்லை வேண்டுகிறது, கருவிக்கு எச்சொல்லை வேண்டுகிறது என்பது அடுத்த வினா. 'எந்த உருபு மறைந்தது' என்று கேட்பதைவிட 'எவ்வுறுப்பு தலைமையாயிற்று' என்று கேட்பது விடைக்கு நேரே இட்டுச்செல்லும். தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறைகளில் இயங்கியும், வினையியலின் இப்பாடம் ஆங்கில வகுப்புக்கு உதவும் என்னும் எண்ணம் பாடத்திட்டத்தில் இடம்பெற வேண்டிய நிலையிலேயே உள்ளது.

முடிவுரை

ஆங்கிலத் தொடர்புத் தொடரில் முன்னிடைச்சொல்லின் இடம் பழைய ஆங்கிலத்தில் இணைப்புச்சொல்லால் முடிவாயிற்று. இடைக்காலத்தில் அது தெரிவாயிற்று. பதினேழாம் நூற்றாண்டு முதல் அத்தெரிவு நடையின் உயர்வு தாழ்வைக் காட்டும் அடையாளமாயிற்று. தமிழ்ப் பெயரெச்சத்துக்கு அத்தகைய வழக்கு நேரவில்லை. அதில் இடம் மாறுவதற்கு உருபே இல்லை. இதனை இன்மையாகக் கொள்ளும் ஆய்வு இல்லாத உருபைத் தேடுகிறது. தொல்காப்பியமோ தொழிலில் பெயர் ஏற்கும் பங்கைத் தேடுகிறது. வினையின் சட்டகத்தில் அப்பங்கு முன்னரே இருப்பின் எச்சம் அப்படியே நிற்கும். இல்லையெனின் வினை நீண்டு அதற்கு இடம் உண்டாக்கும். பொதுமை வேண்டுமிடத்தில் எந்த–அந்த இணைப்பு வரும். துல்லியம் வேண்டுமிடத்தில் பெயர் மீண்டும் வரும்.

சேலத்தில் 1916இல் தொடங்கிய முயற்சி ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல் தேடியது. ஆங்கில முன்னிடைச்சொல்லுக்குத் தமிழ் வினையைத் தேடுவது அம்முயற்சியின் அடுத்த நிலையாக அமைய வேண்டும். எவ்வெம் முன்னிடைச்சொற்களை எவ்வெவ்வினைகள் ஈடுசெய்கின்றன என்னும் பட்டியல் ஒன்று நெசவு, லாரி, வேளாண்மை போன்ற தொழில்களின் பேச்சு வழக்கிலிருந்து தொகுக்கப்படுமாயின், அது பாடநூல் எழுதுவோருக்கும் ஆங்கிலம் கற்பிப்போருக்கும் ஒருங்கே பயன்படும்.